சாந்து வைக்காமல் அடுக்கிக் கட்டும் சுவர்

சில மாதங்களாக வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த நம் உறுப்பினர்கள் பலர், "உங்கள் குடோன் பின்சுவரைக் கலவையே வைக்காமல் கட்டினீர்களாமே, அது நிற்குமா?" என்று கடைக்கு வந்தும் தொலைபேசியிலும் கேட்ட வண்ணம் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை விட நம் இதழிலேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நாங்கள் பொறியாளர்கள் அல்லர். அரிசியும் பருப்பும் மொத்தமாக விற்கிற குடும்பம். பார்த்ததையும், செய்ததையும், அதில் பட்டதையும் மட்டுமே இங்கு சொல்கிறோம்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மறுநாள் காலை குடோனைத் திறந்தபோது தரையில் தண்ணீர் இல்லை. பேஸ்மட்டம் உயரமாகத்தான் போட்டிருந்தோம். ஆனால் பின்சுவரை ஒட்டி அட்டி போட்டிருந்த மூட்டைகளில் 63 மூட்டை நனைந்து ஊறிப் போயிருந்தன. தண்ணீர் கூரை வழியாகவும் வரவில்லை, தரை வழியாகவும் வரவில்லை. சுவர் வழியாக வந்திருந்தது.

பூச்சைக் கொத்திப் பார்த்தோம். ஹாலோ பிளாக் கல் ஒன்றும் கெடவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இருந்த சாந்தைத்தான் விரலால் தோண்டி எடுக்க முடிந்தது. வெறும் மணல். இருபது வருடத்துக்கு முன்னால் அந்தச் சுவரைக் கட்டியபோது ஒன்றுக்கு ஆறு கலக்கச் சொன்னது நினைவிருக்கிறது. ஒன்றுக்கு எட்டோ பத்தோ கலந்தார்கள் போலும். நாங்களும் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று கவனிக்கவில்லை. கடையில் எடைக்கல்லைச் சரிபார்க்கிற நாம், நம் சொந்தச் சுவருக்குள் எவ்வளவு சிமெண்ட் போகிறது என்று பார்ப்பதில்லை. பூச்சுப் பூசிய பிறகு பார்க்கவும் முடியாது.

அப்போதுதான், கட்டடப் பொறியியல் டிப்ளமோ படித்த எங்கள் அக்காள் மகன், "மாமா, இடையில் சாந்தே இல்லாத சுவர் ஒன்று இருக்கிறது. அதன் பலம் முழுவதும் வெளியில் தெரிகிற பூச்சில்தான் இருக்கும். ஏமாற்ற முடியாது" என்றான். முதலில் சிரித்தோம். எங்கள் மேஸ்திரியோ, "இன்னா முதலாளி, சாந்து இல்லாம சுவரா? வெளையாட்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். (பிறகு அவரேதான் வந்து பூசிக் கொடுத்தார் என்பது வேறு கதை.)

முறை இன்னதென்று

குடோனில் மூட்டை அட்டி போடுவது நமக்குத் தெரியும். ஒன்றின் மேல் ஒன்றாக நேராக அடுக்கினால் சரியும். ஒரு வரிசை நீளவாட்டு, அடுத்த வரிசை குறுக்குவாட்டு என்று மாற்றிப் போட்டால் நிற்கும். இருந்தும் யாராவது பக்கவாட்டில் பலமாக இடித்தால் விழுந்துவிடும். அதே அட்டியின் இரு பக்கமும் வலுவான வலையை இழுத்துக் கட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது இடித்தால் அட்டி முழுவதும் ஒரே பொருளாக நின்று தாங்கும்.

இந்தச் சுவரும் அப்படித்தான். கற்களைச் சாந்து இன்றி, மூட்டுக்கு மூட்டு மாறி வரும்படி அடுக்குகிறோம். பிறகு உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் கண்ணாடி நார் கலந்த சிமெண்ட் பூச்சை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு அழுத்திப் பூசுகிறோம். அந்த மெல்லிய தோல்தான் வலை. சிமெண்ட் மட்டும் என்றால் இழுப்பைத் தாங்காமல் வெடித்துவிடும். நாலா பக்கமும் படுத்துக் கிடக்கும் ஆயிரக்கணக்கான நார்கள் அந்த இழுப்பை வாங்கிக்கொள்கின்றன.

சாந்தில்லாமல் அடுக்குவது நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கற்கள் சாந்தின்றி ஒன்றன் மேல் ஒன்று அமர்ந்தவையே. ஆனால் அவை தங்கள் எடையாலும் கனத்தாலும் நிற்கின்றன. எட்டு அங்குல ஹாலோ பிளாக்குக்கு அந்த எடை கிடையாது. அதனால்தான் தோல் தேவைப்படுகிறது. இந்தத் தோல் முறையை அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த ஹேன்ஸ், சைமன்ஸ் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். கொத்தனார் கிடைக்காத பண்ணைக்காரர்கள் தாங்களே வீடும் கொட்டகையும் கட்டிக்கொள்ளட்டும் என்று அந்தத் துறை 1974-இல் ஒரு கையேடே வெளியிட்டது. அங்கே இதற்கென்று தர நியமங்களும் வந்துவிட்டன. கலந்து மூட்டை கட்டிய பூச்சுப் பொடியும் கடையில் கிடைக்கிறது. நம் பக்கத்தில் அப்படிக் கிடைக்காததால் நாமே கலக்க வேண்டியிருக்கிறது.

பலத்தைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காற்று, வெள்ளம் போன்ற பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்குவதில் இந்தச் சுவர் சாதாரணச் சாந்துச் சுவரை விட மேலானது. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவதில் சற்றுக் குறைவு. சாந்து இருந்தால் கல்லின் மேடு பள்ளத்தை அது நிரப்பிப் பாரத்தைப் பரப்பும். சாந்து இல்லாதபோது கல் எங்கே முட்டுகிறதோ அங்கே மட்டும் பாரம் இறங்கும். சுவரின் மேல் கான்கிரீட் தளம் போட நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

கலவைக் கணக்கு

அந்தக் கையேட்டு முறைப்படி நூறு பங்கு கலவையில் சிமெண்ட் 78, நீற்றிய சுண்ணாம்புத் தூள் 15, அரை அங்குலமாக வெட்டிய கண்ணாடி நார் 4, கால்சியம் குளோரைடு 2, கால்சியம் ஸ்டியரேட் 1. எல்லாம் எடைக் கணக்கு. சட்டிக் கணக்கு அல்ல. மணல் கிடையவே கிடையாது.

இதில் கால்சியம் குளோரைடு, குளிர் நாட்டில் சிமெண்ட் சீக்கிரம் இறுக வேண்டும் என்பதற்காகச் சேர்ப்பது. நம் வெயிலுக்கு அது தேவையில்லை. அது உப்பு ஆகையால் கம்பியைத் துருப்பிடிக்கவும் வைக்கும். கடற்காற்றே போதுமான உப்பைக் கொண்டுவந்து கொட்டுகிற ஊரில் நாமும் காசு கொடுத்து வாங்கிப் போடுவானேன்? அதை விட்டுவிட்டோம். கால்சியம் ஸ்டியரேட் என்பது மெழுகு போன்ற வெள்ளைப் பொடி, தண்ணீரை ஒட்டவிடாது. அதை விடக் கூடாது. எங்களுக்கு 63 மூட்டை போனதே தண்ணீரால்தானே.

ஒரு 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒன்பதரை கிலோ, நார் இரண்டரை கிலோ, ஸ்டியரேட் 650 கிராம் வருகிறது. இவ்வளவும் சேர்ந்த கலவை, சிந்தல் சேதாரம் போக, சுவரின் ஒரு முகத்தில் சுமார் 130 சதுர அடி பூச வந்தது. சுவருக்கு இரண்டு முகம் என்பதை மறந்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். நாங்கள் முதலில் அப்படித்தான் போட்டோம்.

நார் வாங்குவதில்தான் ஏமாறும் இடங்கள் இரண்டு உள்ளன. முதலாவது, சிமெண்ட் கடைகளில் 125 கிராம் பொட்டலமாக ஒரு நார் விற்கிறார்கள். ஒரு மூட்டைக்கு ஒரு பொட்டலம் என்று சொல்வார்கள். அது சாதாரணப் பூச்சில் மயிரிழை வெடிப்பு வராமல் இருக்கப் போடுகிற பிளாஸ்டிக் நார். நமக்கு வேண்டியது மூட்டைக்கு இரண்டரை கிலோ கண்ணாடி நார். அளவிலேயே இருபது மடங்கு வித்தியாசம், பொருளும் வேறு. அந்தப் பொட்டலத்தை நம்பிச் சாந்தில்லாச் சுவர் எழுப்பினால் அது சுவரே அல்ல.

இரண்டாவது, கடற்கரைப் பக்கம் ஃபைபர் படகு செய்கிற இடங்களில் கண்ணாடி நார் மலிவாகக் கிடைக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அது சாதாரணக் கண்ணாடி. சிமெண்டில் உள்ள காரம் அதை வருடக்கணக்கில் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். கட்டும்போது நன்றாக இருக்கும், பத்து வருடம் கழித்து வலை இற்றுப் போயிருக்கும். காரத்தைத் தாங்கும் கண்ணாடி நார் 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. சிர்கோனியா சேர்த்துச் செய்வது. (அந்தச் சிர்கோனியாவுக்கு மூலமான சிர்கான் மணல் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே அள்ளப்படுகிறது.) கடையில் 'ஏ.ஆர். கிளாஸ்' என்று கேட்க வேண்டும். பில்லிலும் அப்படியே எழுதி வாங்க வேண்டும். நாங்கள் சென்னையிலிருந்து லாரி புக்கிங்கில் வரவழைத்தோம்.

செலவு குறையுமா என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. நூறு சதுர அடிச் சுவருக்குக் கணக்குப் பார்த்தால், இணைப்புச் சாந்தும் இரு பக்கப் பூச்சும் சேர்ந்து சாதாரண முறையில் ஆகிற சிமெண்டும், இந்தத் தோலுக்கு ஆகிற ஒன்றரை மூட்டையும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடுகின்றன. மணல் பத்துப் பன்னிரண்டு கன அடி மிச்சம். நாருக்கும் ஸ்டியரேட்டுக்கும் புதுச் செலவு. ஆக, சரக்கில் பெரிய லாபம் இல்லை. லாபம் கூலியில். கல் அடுக்குவதற்குக் கொத்தனார் தேவையில்லை. கை நிதானமும் பொறுமையும் உள்ள எவரும் அடுக்கலாம். ஆகவே தாமே உழைத்துக் கட்டுபவருக்கு லாபம். முழுக்க ஆள் வைத்துக் கட்டுபவருக்கு அதிக வித்தியாசம் இல்லை.

கல் வாங்குதல்

நாம் 400-க்கு 200-க்கு 200 என்று சொல்லி வாங்குகிற ஹாலோ பிளாக்கின் உண்மை அளவு 390, 190, 190 மில்லிமீட்டர். பத்து மில்லிமீட்டர் சாந்துக்காக விட்ட இடம். சாந்து வைக்காதபோது அந்தப் பத்து கிடைக்காது. நாங்கள் எழுப்பிய சுவர் தூண் நீங்கலாக 40 அடி நீளம், 10 அடி உயரம். பழைய வழக்கப்படி 465 கல் போதும் என்று கணக்கிட்டு, உடைசலுக்குப் பத்து சேர்த்து இறக்கினோம். சுவர் முடியுமுன் கல் தீர்ந்துவிட்டது. ஐந்நூறு கல் தேவைப்பட்டது. ஒரு நல்ல செய்தி, 16 வரிசை அடுக்கினால் சரியாகப் பத்தடி உயரம் வந்துவிடுகிறது.

இந்திய நியமம் 2185-இன்படி கல்லின் உயரம் மூன்று மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம். சாந்துச் சுவருக்கு அது ஒரு பொருட்டல்ல, சாந்து விழுங்கிவிடும். அடுக்குச் சுவருக்கு அது பெரிய தலைவலி. பக்கத்துப் பக்கத்துக் கல்லில் ஒன்று மூன்று கூடி, ஒன்று மூன்று குறைந்தால் ஆறு மில்லிமீட்டர் படி விழும். மேலே வைக்கிற கல் ஆடும். முதலில் எங்களுக்குக் கல் கொடுத்த பட்டறையில் அச்சுத் தேய்ந்து போயிருந்தது. பாதிக் கல்லுக்கு மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று. திருப்பி எடுத்துக்கொள்ள அவர்கள் சம்மதிக்கவில்லை. இரண்டாவது முறை வேறு பட்டறைக்கு நாங்களே போய், ஒரு அங்குலப் பட்டையில் 187, 190, 193 என்று மூன்று கோடு போட்டுக்கொண்டு கல்லைக் கல்லாக அளந்து ஏற்றினோம். பட்டறைக்காரர் முகம் சுளித்தார். அரிசி வாங்க வருகிறவர் குத்தூசி போட்டுப் பார்ப்பதில்லையா, நாம் கோபித்துக்கொள்கிறோமா?

21 நாளாவது தண்ணீர் காட்டி உலர்ந்த கல்லாக இருக்க வேண்டும். பச்சைக் கல்லை அடுக்கினால் பிறகு சுருங்கித் தோலை வெடிக்க வைக்கும்.

அடுக்குதலும் பூசுதலும்

முதல் வரிசையை மட்டும் சாந்து வைத்தே பதிக்க வேண்டும். டியூப் மட்டம் பிடித்து, நூல் கட்டி, நாற்பதடிக்கும் ஒரே மட்டமாகப் பதிக்க எங்களுக்கு ஒரு முழு நாள் பிடித்தது. அந்த ஒரு வரிசையில் செய்கிற தவறு பதினாறாவது வரிசை வரை ஏறும். அதன் குழிகளைச் சிறு ஜல்லிக் கான்கிரீட் போட்டு அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஹாலோ பிளாக்கின் அடிவரிசை பெருச்சாளிக்கும் எலிக்கும் கட்டிக்கொடுத்த சத்திரம்தான் என்பதை மளிகைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு மூலையிலிருந்து தொடங்கி, அரைக் கல் மாற்றி மாற்றி அடுக்குவது. கல்லின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பிசிறை உடைந்த கல்லால் தேய்த்துவிட வேண்டும். ஆடுகிற கல்லுக்கு அடியில் தகரத் துண்டு கொடுத்து ஆட்டத்தை நிறுத்தலாம். மரச் செதிள் கொடுக்கக் கூடாது. அது இற்றுப் போகும். நான்கு வரிசைக்கு ஒருமுறை தூக்குக்குண்டும் மட்டமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே எங்களுக்கு நேர்ந்ததை மறைக்காமல் எழுதுகிறோம். ஒன்பது வரிசை அடுக்கியிருந்தோம். இருட்டிவிட்டது, பூச்சை நாளை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். சவுக்குக் கழி முட்டுக் கொடுக்கச் சொல்லி அக்காள் மகன் சொல்லியிருந்தான். "ஒரு ராத்திரிக்கு என்ன?" என்று நாங்கள்தான் அலட்சியமாக இருந்தோம். மறுநாள் காலை ஒரு கன்றுக்குட்டி வந்து முதுகைத் தேய்த்தது. எட்டடி நீளத்துக்குச் சுவர் அப்படியே சரிந்தது. அதற்கு அரை மணி நேரத்துக்கு முன்புதான் சித்தாள் அம்மாள் அந்தச் சுவரின் நிழலில் சாக்கு விரித்துத் தன் குழந்தையைக் கிடத்தியிருந்தார். வெயில் திரும்பியதால் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் படுக்க வைத்திருக்கிறார். ஒரு கல்லின் எடை பதினைந்து கிலோவுக்கு மேல். அன்று முழுவதும் வேலை நடக்கவில்லை, யாருக்கும் கை ஓடவில்லை. தோல் பூசாத அடுக்கு வெறும் கற்குவியல்தான். அதைச் சுவர் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குப் பிறகு இரு பக்கமும் முட்டுக் கொடுக்காமலும், கயிறு கட்டி ஆள் நடமாட்டத்தைத் தடுக்காமலும் ஒரு வரிசை கூட வைக்கவில்லை.

கலவை விஷயத்தில், உலர்ந்த பொருட்களை முதலில் நன்றாகக் கலந்து, தண்ணீர் சேர்த்துத் தோசை மாவை விடக் கெட்டியாகக் கரைத்துக்கொண்டு, நாரைக் கடைசியில் தூவ வேண்டும். நார் போட்ட பின் இரண்டு நிமிடத்துக்கு மேல் கலக்கினால் நார் ஒடிந்து தூளாகிவிடும். அரை மணி நேரத்தில் பூசி முடிக்கிற அளவு மட்டும் கரைக்க வேண்டும். சுவரை நனைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக, இரும்புக் கரணையால் அழுத்தி இழுக்க வேண்டும். அழுத்தினால்தான் நார் படுக்கும். வேலையை நிறுத்தும்போது கல் இணைப்பின் மேல் நிறுத்தாமல் கல்லின் நடுவில் நிறுத்த வேண்டும். கையுறையும் முழுக்கை சட்டையும் மூக்குக்குத் துணியும் அவசியம். சுண்ணாம்பு தோலை அரிக்கும், கண்ணாடி நார் குத்தும்.

காலை எட்டு மணிக்குள்ளும், மாலை நான்குக்கு மேலும் மட்டும் பூசினோம். மூன்று மில்லிமீட்டர் பூச்சு நம் வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்து உயிரற்றுப் போகும். முதல் நாள் பூசிய பத்தடி அப்படித்தான் போயிற்று. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. சுரண்டி எடுத்து மறுபடி பூசினோம். அதன் பிறகு நம்மிடம் குறைவில்லாத பொருளான கோணிச் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, ஏழு நாள் ஈரம் காயாமல் காத்தோம்.

மின்சாரக் குழாயும் பெட்டிகளும் பூசுவதற்கு முன்பே கல்லின் குழி வழியாக இறங்கிவிட வேண்டும். பூசிய பிறகு சுவரை நீளமாகக் கொத்தினால் வலையை அறுத்ததற்குச் சமம். பலகைத் தட்டு மாட்ட வேண்டிய இடங்களை முன்பே குறித்து, அந்தக் குழிகளைக் கான்கிரீட்டால் அடைத்துவிடுங்கள். மூட்டையைச் சுவர் மேல் சாய்த்து அடுக்குகிற பழக்கத்தை எந்தச் சுவரானாலும் விட்டுவிட வேண்டும். நாங்கள் இப்போது இரண்டடி இடைவெளி விடுகிறோம்.

வீடு கட்ட நினைப்போருக்கு

எங்கள் குடோன் சுவர் ஏற்கெனவே இருந்த கான்கிரீட் தூண்களுக்கு நடுவில் நிரப்பியது. கூரைப் பாரம் அதன் மேல் இல்லை. வீடு என்றால் அப்படியல்ல. அக்காள் மகன் பாகூர் கொம்யூனில் தன் மனையில் ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை என்று இதே முறையில் வீடு கட்டத் தொடங்கியபோது, படித்தவனாக இருந்தும் வேறொரு பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டித்தான் செய்தான். மூலைகளிலும், கதவு சன்னல் ஓரங்களிலும், நீளச் சுவரில் அவர் சொன்ன இடைவெளியிலும் கடைக்காலிலிருந்து கம்பி எழுப்பி, அந்தக் குழிகளைக் கான்கிரீட்டால் நிரப்பினார்கள். லிண்டல் மட்டத்திலும் கூரை மட்டத்திலும் சுற்றி பெல்ட் போட்டார்கள். தகரக் கூரை போடுகிறவர்களுக்கு இந்தக் கம்பி இன்னும் முக்கியம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் எத்தனை கூரைகளைக் கழற்றி எறிந்தது என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். கூரையைப் பிடித்திருக்கும் கம்பி கடைக்கால் வரை போக வேண்டும்.

பாகூர்ப் பக்கத்து மண்ணைப் பற்றி ஒரு சொல். நெல் விளைகிற களிமண் அது. மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். கடைக்கால் அசைந்தால் சாந்துச் சுவரில் ஓர் இணைப்பு விட்டுப் போகும், பார்த்து அடைக்கலாம். அடுக்குச் சுவரிலோ வெடிப்பது அதைத் தாங்கி நிற்கும் தோல். ஆகவே கடைக்காலில் மிச்சம் பிடிக்கவே கூடாது. மண்ணைப் பொறியாளருக்குக் காட்டி, கான்கிரீட் பீமா அல்லது அண்டர் ரீம்டு பைலா என்று கேட்டுச் செய்யுங்கள். பேஸ்மட்ட உயரமும் அப்படியே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, அதற்கு மேல் வையுங்கள்.

அனுமதி, கடன் இரண்டிலும் தொல்லை உண்டு. நம் இந்திய நியமம் 1905 சாந்து வைத்துக் கட்டிய சுவர்களைக் கணக்கில் வைத்து எழுதியது. ஆகவே பாரம் தாங்கும் அடுக்குச் சுவர் என்று வரைபடத்தில் போட்டால் கையெழுத்திடப் பொறியாளர் தயங்குவார். வங்கியில் மதிப்பீட்டாளரும் தயங்குவார். கான்கிரீட் தூணும் பீமும் பாரத்தைத் தாங்க, நடுவில் நிரப்புச் சுவராக இதைக் காட்டினால் சிக்கல் குறைவு. செலவு கொஞ்சம் கூடும். ஆனால் தளம் போடுகிற வீட்டுக்கு அதுவே உத்தமம் என்பது எங்கள் அபிப்பிராயம். எதுவானாலும் கொம்யூன் பஞ்சாயத்து அனுமதி வாங்காமல் ஒரு கல் கூட வைக்காதீர்கள். கடனில் கட்டிய கடையை இடிக்கச் சொன்னால் வட்டிக்கு எங்கே போவது?

செம்மண் உள்ள பக்கத்தில் மனை இருப்பவர்கள் ஆரோவில்லில் உள்ள மண் கட்டுமான நிலையத்தையும் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். 1989-இல் ஹட்கோ துணையுடன் தொடங்கப்பட்டது. மண்ணோடு ஐந்து சதவிகிதம் போலச் சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்தி, சூளை வைக்காமல் கல் செய்கிறார்கள். ஆரோவில் பார்வையாளர் மையமே அந்தக் கல்லால் கட்டியதுதான். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் குழிக்கல்லும் அவர்களிடம் உண்டு. 2001 குஜராத் பூகம்பத்துக்குப் பிறகு அந்தக் கல்லைக் கொண்டு 39 கிராமங்களில் 2,700 அளவுக்கு வீடுகளும் சமுதாயக் கூடங்களும் எழும்பின. அங்கே முழுக்கச் சாந்தில்லாமல் விடுவதில்லை. மெல்லியதாகச் சாந்தும் இட்டு, குழிகளில் கம்பியும் கான்கிரீட்டும் கொடுக்கிறார்கள். அந்தக் கல்லுக்குப் பாதியளவு மணலும் ஐந்தில் ஒரு பங்கு களியும் உள்ள மண் வேண்டும். பாகூர்க் களிமண் அப்படியே உதவாது. மணல் வாங்கிச் சேர்த்தால் லாபம் கரைந்துவிடும். அதனால்தான் அக்காள் மகன் சிமெண்ட் கல்லுக்கே போனான்.

அவனும் அவன் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், மாலை நேரங்களிலுமாகக் கல் முழுவதையும் தாங்களே அடுக்கினார்கள். பூச்சுக்கு மட்டும், "வெளையாட்றீங்களா" என்று கேட்ட அதே மேஸ்திரி வந்தார். சென்ற மழைக்காலத்தை இரண்டு சுவர்களும் பார்த்துவிட்டன. குடோன் பின்சுவரில் உள்பக்கம் கையை வைத்துப் பார்த்தோம், ஈரம் இல்லை. வீட்டில் சமையலறைச் சன்னலின் மேல் மூலையில் மட்டும் நூல் போல ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது, ஒரு சாண் நீளம். அங்கே லிண்டல் முனையில் பூச்சு மெலிந்துவிட்டது என்கிறார் மேஸ்திரி. கடைக்கால் ஒரு பக்கம் இறங்கியிருக்குமோ என்று அக்காள் மகன் சந்தேகப்படுகிறான். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறான். கோடை முடிந்து, அடுத்த மழையும் முடிகிற வரை அது கோட்டைத் தாண்டாமல் இருந்தால் மேலே ஒரு பூச்சு கொடுத்து மூடிவிடலாம் என்று பொறியாளர் சொல்லியிருக்கிறார். இதை எழுதுகிற இந்த வாரம் வரை தாண்டவில்லை.